நடிகர்கள் தேர்தலில் நிற்கலாமா? புக்கிட் ஜாலில் விழாவுக்குப் பிறகு எழுந்த கேள்விகளுக்கு ஒரு விளக்கம்

2025 டிசம்பர் 27 அன்று புக்கிட் ஜாலில் தேசிய அரங்கத்தில் நடிகர் விஜயின் படப் பாடல் வெளியீட்டு விழா நடந்தது. இதுதான் தன் கடைசிப் படம் என்று அவர் அறிவித்திருந்ததால் கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம். ஆனால் விழாவுக்கு முன்பே மலேசிய போலீஸ் ஒரு நிபந்தனை போட்டுவிட்டது. அனுமதி பொழுதுபோக்கு நிகழ்ச்சிக்கு மட்டும்தான். அரசியல் பேச்சு கூடாது. 2024 பிப்ரவரி 2 அன்று தமிழக வெற்றிக் கழகத்தைத் தொடங்கி, 2026 தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலைக் குறிவைத்த ஒரு கட்சித் தலைவர், நம்மூர் மேடையில் நடிகராக மட்டும் நிற்க வேண்டியிருந்தது.

அதிலிருந்து மாமாக் கடை மேசைகளிலும் குடும்ப வாட்சப் குழுக்களிலும் ஒரே வாக்குவாதம். நடிப்பவருக்கு அரசியல் எதற்கு என்று ஒருவர் கேட்கிறார். எம்.ஜி.ஆர். செய்யவில்லையா என்று இன்னொருவர் மடக்குகிறார். மலேசியத் தமிழர்கள் இதில் எந்த அளவுக்குத் தலையிடலாம், இங்கே ஒரு கலைஞர் தேர்தலில் நின்றால் என்ன ஆகும் என்பதும் நடுவே வந்துவிடுகிறது. யார் ஜெயிப்பார் என்ற ஜோசியம் இந்தக் கட்டுரையில் இல்லை. கேள்விகளைப் பிரித்து, சட்டத்தில் தொடங்கி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரு கேள்வி அல்ல, மூன்று

1. ஒரு நடிகர் தேர்தலில் நிற்க முடியுமா? இது சட்டம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.
2. நின்றால் ஜெயிக்க முடியுமா? இது வாக்குக் கணக்கு.
3. ஜெயித்தால் வேலை நடக்குமா? இது நிர்வாகமும் கட்சி அமைப்பும் சம்பந்தப்பட்டது.

பாதிச் சண்டைகள், ஒருவர் முதல் கேள்விக்குப் பதில் சொல்ல, எதிரில் இருப்பவர் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்வதால் வருபவை. மூன்றில் முதல் கேள்வி மிகச் சுலபம். மூன்றாவதுதான் உண்மையான தலைவலி.

சட்டம் தொழிலைக் கேட்பதில்லை

இந்தியாவில் சட்டமன்றத்துக்கோ மக்களவைக்கோ போட்டியிட, இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். 25 வயது ஆகியிருக்க வேண்டும். சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய், மக்களவைக்கு 25,000 ரூபாய் வைப்புத் தொகை கட்ட வேண்டும் (தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்குப் பாதி). பதிவான செல்லுபடி வாக்குகளில் ஆறில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் அந்தப் பணம் திரும்பாது. இதைத்தான் டெபாசிட் போச்சு என்கிறோம்.

மலேசியாவில் குடிமகனாகவும் நாட்டில் வசிப்பவராகவும் இருக்க வேண்டும். வாக்களிக்கும் வயதையும் வேட்பாளர் வயதையும் 21இலிருந்து 18ஆகக் குறைத்தது 2019ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம். நாடாளுமன்றத்துக்கு 10,000 ரிங்கிட், சட்டமன்றத்துக்கு 5,000 ரிங்கிட் வைப்புத் தொகை. அதைக் காப்பாற்ற எட்டில் ஒரு பங்கு வாக்கு வேண்டும்.

யார் நிற்கக் கூடாது என்ற பட்டியலும் இரண்டு நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: திவாலானவர், அரசுச் சம்பளத்தில் பதவி வகிப்பவர், குறிப்பிட்ட அளவுக்கு மேல் தண்டனை பெற்றவர், வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவர். மலேசிய அரசியலமைப்பின் 48ஆம் பிரிவில் இது இருக்கிறது. நம் வானொலி ரசிகர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: அரசு வானொலியில் முழு நேர ஊழியராக இருக்கும் ஓர் அறிவிப்பாளர் வேலையை விட்டுவிட்டுத்தான் வேட்புமனு கொடுக்க முடியும். தனியார் நிலையத்தில் இருப்பவருக்கு அந்தத் தடை இல்லை.

இந்தப் பட்டியல் வெறும் காகிதம் என்று நினைக்க வேண்டாம். 2018 பொதுத்தேர்தலில் கோலாலம்பூரின் 'பத்து' (Batu) என்ற தொகுதியில் பி.கே.ஆர். கட்சியின் தியான் சுவாவின் வேட்புமனு, அவருக்கு முன்பு விதிக்கப்பட்ட 2,000 ரிங்கிட் அபராதத்தைக் காட்டி நிராகரிக்கப்பட்டது. அப்போது பத்தாண்டுகளாக அவர்தான் அந்தத் தொகுதியின் ஒய்பி, அதாவது நாடாளுமன்ற உறுப்பினர். அதற்குப் பிறகு அங்கே நடந்தது நம் விஷயத்துக்கு மிகவும் தேவையான கதை, பின்னால் வருகிறேன்.

ஆக, இந்த இரண்டு நாட்டுச் சட்டமும் படிப்பைக் கேட்கவில்லை, அனுபவத்தைக் கேட்கவில்லை, தொழிலையும் கேட்கவில்லை. அது சரிதான் என்பது என் கருத்து. 'பிரபலங்கள் நிற்கக் கூடாது' என்று சட்டம் போட்டால் யார் பிரபலம் என்பதை யார் முடிவு செய்வது? பந்து விளையாடியவர், சமயச் சொற்பொழிவாளர், டிக்டாக்கில் சமையல் செய்து காட்டுகிறவர் எல்லாரும் பிரபலம்தான். ஆளும் கட்சிக்கு யாரைப் பிடிக்கவில்லையோ அவர் பிரபலமாகிவிடுவார்.

வாக்கே கேட்காமல் போகும் வழி

கலைஞர்கள் சட்டம் இயற்றும் அவைக்குப் போக வேறொரு வாசலும் உண்டு, அது மேலவை. இந்திய மாநிலங்களவையில் இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை ஆகியவற்றில் சிறந்த 12 பேரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கலாம். இளையராஜா 2022இல் அப்படித்தான் உறுப்பினரானார். மலேசிய மேலவையின் 70 பேரில் 44 பேர் மாமன்னரால் நியமிக்கப்படுகிறவர்கள். கலை, பண்பாட்டுத் துறைச் சாதனையும் அதற்கு ஒரு தகுதி என்று அரசியலமைப்பே சொல்கிறது. மலாய்த் திரையுலகின் மூத்த நடிகர் ஜின்ஸ் ஷம்சுதீன் செனட்டராக இருந்தது இந்த வழியில்தான்.

கௌரவம் என்ற அளவில் நல்ல ஏற்பாடு. வேலை என்ற அளவில் பலன் கலவைதான். சச்சின் டெண்டுல்கரும் நடிகை ரேகாவும் 2012இல் நியமிக்கப்பட்டு, அவைக்கு அரிதாகவே வந்தார்கள் என்று அவையிலேயே விமர்சிக்கப்பட்டார்கள். தமிழ்நாட்டில் கதை இன்னும் விசித்திரம். 1986இல் எம்.ஜி.ஆர். ஆட்சி ஒரு நடிகையை மாநில மேலவைக்கு நியமிக்கப் பார்த்தது. அவர் கடனைத் தீர்க்க இயலாதவர் என்று அறிவிக்கப்பட்டவர் என வழக்கு வந்தது, நியமனம் நின்றது. அதே ஆண்டு நவம்பரில் மேலவையே கலைக்கப்பட்டுவிட்டது. இன்றுவரை தமிழ்நாட்டில் மேலவை கிடையாது.

கூட்டம் வாக்காக மாறுவது எப்படி

இப்போது இரண்டாவது கேள்வி. இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். அரங்கம் நிரம்பி வழிகிறதே, ஆட்சியைப் பிடிக்க மாட்டாரா என்பது இயல்பான எண்ணம். ஆனால் தேர்தல் ஒரே அரங்கத்தில் நடப்பதில்லை. தமிழ்நாட்டில் 234 தொகுதிகள். 2024 மக்களவைத் தேர்தலில் அங்கே 68,000க்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகள். ஒவ்வொரு சாவடியிலும் கட்சியின் முகவர் ஒருவர் காலை முதல் மாலை வரை உட்கார வேண்டும். அந்தத் தெருவில் யார் வாக்களித்தார், யார் இன்னும் வரவில்லை என்று தெரிந்த ஆளாக அவர் இருக்க வேண்டும். நடிகரின் முகம் சுவரொட்டியில் இருக்கும், சாவடியில் உட்காராது.

மலேசியாவைப் போலவே இந்தியாவிலும், ஒரு தொகுதியில் யாருக்கு அதிக வாக்கோ அவர் ஜெயித்தார், மற்றவர்கள் வாங்கியதெல்லாம் வீண். இந்த முறையில் ஆதரவு எவ்வளவு என்பதைவிட அது எப்படிப் பரவிக் கிடக்கிறது என்பதே முக்கியம். விஜயகாந்தின் தே.மு.தி.க.வைப் போல இதை விளக்கும் உதாரணம் வேறில்லை. 2005இல் மதுரையில் தொடங்கிய கட்சி அது.

1. 2006 சட்டமன்றத் தேர்தலில் தனித்து 232 தொகுதிகளில் போட்டி. வாக்கு ஏறக்குறைய 8.4 விழுக்காடு. கிடைத்தது ஒரே இடம், விருத்தாசலம். ஜெயித்தவர் விஜயகாந்த்.
2. 2009 மக்களவைத் தேர்தலில் மீண்டும் தனித்து. வாக்கு 10 விழுக்காட்டைத் தொட்டது. இடம் பூஜ்யம்.
3. 2011இல் அ.தி.மு.க. கூட்டணியில் 41 தொகுதிகள் மட்டும். மாநில அளவில் வாக்கு ஏறக்குறைய 7.9 விழுக்காடு, அதாவது முன்பைவிடக் குறைவு. ஆனால் 29 இடங்கள்; விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர்.
4. 2016இல் வேறு கூட்டணி. வாக்கு 2.4 விழுக்காடு, இடம் இல்லை. உளுந்தூர்ப்பேட்டையில் அவரே தோற்றார்.

முதல் வரியையும் மூன்றாவது வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வாக்கு குறைந்தது, இடங்கள் 29 மடங்கு ஆயின. நடுவே அவருடைய புகழ் கூடவுமில்லை, குறையவுமில்லை. மாறியது கூட்டணி மட்டும். நட்சத்திரத்தின் செல்வாக்கால் ஒரு தொகுதியை வாங்கலாம், ஒரு மாநிலத்தை வாங்க முடியாது. மாநிலத்துக்கு ஒன்று, வலுவான கூட்டணி வேண்டும். அல்லது எதிரிகளின் வாக்கு சிதற வேண்டும்.

எம்.ஜி.ஆருக்கு 1977இல் இரண்டாவது வாய்த்தது. அ.தி.மு.க., தி.மு.க., காங்கிரஸ், ஜனதா என்று நான்குமுனைப் போட்டி. ஏறக்குறைய 30 விழுக்காடு வாக்கில் அவருடைய கட்சிக்கு 130 இடங்கள். இதைச் சொன்னால் அவருடைய ரசிகர்களுக்குக் கோபம் வரும். அவரைக் குறைத்துப் பேசுவதாகப் படும். அப்படியில்லை. அவர் 1953 வாக்கிலேயே தி.மு.க.வில் சேர்ந்தவர், 1962இல் மேலவை உறுப்பினர், 1967இல் பரங்கிமலை எம்.எல்.ஏ., பிறகு கட்சியின் பொருளாளர். 1972 அக்டோபரில் வெளியேற்றப்பட்டபோது, ஊர் ஊராக இருந்த ரசிகர் மன்றங்கள் கட்சிக் கிளைகளாக மாறின. அடுத்த ஆண்டு மே மாதமே திண்டுக்கல் இடைத்தேர்தலில் கட்சி ஜெயித்தது. முதலமைச்சராக உட்காரும்போது அவருக்கு அரசியல் வயது இருபதுக்கு மேல். 'எம்.ஜி.ஆர். செய்யவில்லையா' என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இந்த இருபது ஆண்டுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நடிப்பில் எவருக்கும் குறையாத சிவாஜி கணேசன் 1988இல் தனிக்கட்சி தொடங்கி, 1989இல் திருவையாற்றில் தோற்றார். கமல்ஹாசன் 2021இல் கோவை தெற்கில் 1,728 வாக்கில் தோற்று, 2025இல் தி.மு.க. ஆதரவுடன் மாநிலங்களவைக்குப் போனார். ரஜினிகாந்த் 2017 கடைசி நாளில் வருவதாக அறிவித்து, 2020 டிசம்பரில் வரவில்லை என்று முடித்துக்கொண்டார். இந்த மூவரில் இதை மிகத் துல்லியமாகக் கணக்குப் போட்டவர் ரஜினிதானோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

ஆந்திராவில் என்.டி.ராமராவ் 1982 மார்ச்சில் கட்சி தொடங்கி 1983 ஜனவரியில் முதலமைச்சர் ஆனார். அதே மண்ணில் சிரஞ்சீவி 2009இல் 294 இடங்களில் 18 மட்டும் பிடித்து, பிறகு கட்சியைக் காங்கிரஸில் கரைத்தார். அவர் தம்பி பவன் கல்யாண் 2019இல் நின்ற இரண்டு தொகுதியிலும் தோற்று, 2024இல் கூட்டணிக்குள் வந்து, போட்டியிட்ட 21 சட்டமன்ற இடங்களையும் வென்று துணை முதலமைச்சர் ஆனார். ஒரே குடும்பத்தில் இரண்டு பாடம்.

விஜயின் அமைப்பு முற்றிலும் புதிதல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவருடைய மக்கள் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் 2021 ஊரக உள்ளாட்சித் தேர்தலில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் வென்றார்கள். பஞ்சாயத்து வார்டில் ஜெயிப்பது சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் சாவடி முகவர்கள் முளைப்பது அங்கேதான்.

முகம் மட்டுமே போதும் என்ற இடமும் உண்டு. 2024இல் இந்தோனேசியாவில் கோமெங் என்ற நகைச்சுவை நடிகர், மேற்கு ஜாவாவிலிருந்து மாநிலப் பிரதிநிதிகள் அவைக்குப் போட்டியிட்டார். அந்த நாட்டில் அந்த அவைக்கான வாக்குச் சீட்டில் வேட்பாளர் படம் அச்சாகும். மற்றவர்கள் கோட்டு சூட்டில் விறைப்பாக நிற்க, இவர் மட்டும் தலையைச் சாய்த்து, கண்ணை அகல விரித்து, கோணலாக ஒரு பார்வை. பிரசாரம் என்று பெரிதாக எதுவும் இல்லை. 50 லட்சத்துக்கும் மேல் வாக்கு. மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி, கட்சிச் சின்னம் கிடையாது, நீளமான பெயர்ப் பட்டியல். அந்த ஏற்பாட்டில் வாக்காளர் தெரிந்த முகத்தைத் தேடுவார். தேர்தல் விதி எப்படியோ அப்படித்தான் புகழின் விலையும்.

ஜெயித்த பிறகு தொடங்கும் வேலை

கோலாலம்பூரில் 11 நாடாளுமன்றத் தொகுதிகள். இங்கே சட்டமன்றம் கிடையாது. நாட்டில் ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டன. மாநகர மேயர் நியமிக்கப்படுகிறவர். ஆகவே மக்கள் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒரே ஆள் ஒய்பிதான். பி.பி.ஆர். எனும் அரசு அடுக்குமாடிக் குடியிருப்பில் மின்தூக்கி கெட்டு, பன்னிரண்டாம் மாடிப் பாட்டி டயாலிசிஸுக்கு இறங்க முடியாமல் இருந்தால், அந்த அழைப்பு வருவது ஒய்பியின் சேவை மையத்துக்கு. ஒய்பியிடம் மின்தூக்கி பழுதுபார்ப்பவர் யாரும் இல்லை. மாநகர் மன்றத்தில் யாரைப் பிடிக்க வேண்டும், எந்தக் கடிதம் எந்த மேசையில் நிற்கிறது, எத்தனை முறை கேட்டால் நகரும் என்பது தெரிந்த உதவியாளர்கள் இருக்க வேண்டும். மறுநாள் நாடாளுமன்றத்தில் வரவுசெலவுத் திட்ட விவாதம்.

ஒரு நடிகர் இதைக் கற்றுக்கொள்ள முடியாதா? தாராளமாக முடியும். ரீகன் அமெரிக்க அதிபராவதற்கு முன் எட்டு ஆண்டுகள் கலிபோர்னியா ஆளுநர். ஜெயலலிதா 1982இல் கட்சியில் சேர்ந்து, 1984இல் மாநிலங்களவைக்குப் போய், கட்சி உடைந்ததையும் சேர்ந்ததையும் பார்த்துவிட்டு 1991இல் முதலமைச்சரானார். மறுபக்கம், அமிதாப் பச்சன் 1984இல் அலகாபாத்தில் பெரிய வெற்றி பெற்றும் 1987இல் பதவியை விட்டு விலகினார். பழகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. பிலிப்பைன்ஸின் நடிகர் ஜோசப் எஸ்ட்ராடா மேயர், செனட்டர், துணை அதிபர் என்று படிப்படியாக ஏறி 1998இல் அதிபரானவர். ஊழல் குற்றச்சாட்டில் 2001 ஜனவரியில் பதவி இழந்தார்.

அப்படியானால் கோளாறு எங்கே? நடிகரின் தொழிலில் இல்லை, அவர் கட்டும் கட்சியின் அமைப்பில் இருக்கிறது. சாதாரணக் கட்சியில் தலைவராக வருகிறவர் பலரோடு மோதி, சிலரிடம் தோற்று, சிலரைச் சமாதானப்படுத்தி மேலே வருகிறார். அந்த வழியில் அவருக்குச் சமமான பத்துப் பேர் உருவாகிறார்கள். நட்சத்திரக் கட்சியில் தலைவர் முதல் நாளே உச்சியில் இருக்கிறார். மற்ற அனைவரும் அவர் புகழில் வாழ்கிறவர்கள். 'அண்ணே, இது வேண்டாம்' என்று சொல்லும் நிலையில் யாரும் இல்லை. அதன் விளைவுகள் மூன்று இடத்தில் தெரியும்.

1. கட்சிக்குள் முதல் பிளவு வரும்போது. என்.டி.ஆர். அமெரிக்காவில் இதய அறுவை சிகிச்சை முடித்துத் திரும்பிய 1984 ஆகஸ்டில், அவருடைய அமைச்சர் ஒருவரே சில எம்.எல்.ஏ.க்களுடன் பிரிந்தார், ஆளுநர் ஆட்சியை மாற்றினார். ஒரு மாதப் போராட்டத்துக்குப் பிறகு என்.டி.ஆர். திரும்பினார். 1995இல் மருமகன் சந்திரபாபு நாயுடு கட்சியையே எடுத்துக்கொண்டபோது திரும்ப முடியவில்லை.

2. தலைவர் மறைந்த மறுநாள். எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24 அன்று காலமானார். அடுத்தவர் யார் என்று கட்சி எங்கும் எழுதி வைக்கவில்லை. அவர் மனைவி ஜானகி 24 நாள் முதலமைச்சர், ஆட்சி கலைக்கப்பட்டது. இரட்டை இலைச் சின்னம் முடக்கப்பட்டு, 1989இல் ஒரு அணி சேவலிலும் ஒரு அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. தி.மு.க. ஆட்சிக்கு வந்தது.

3. கூட்டம் கூடும்போது. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் விஜயின் பிரசாரக் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். யார் பொறுப்பு என்பதை விசாரிக்கும் பணியை உச்ச நீதிமன்றம் சி.பி.ஐ.யிடம் கொடுத்தது, அதில் தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல. ஒன்று மட்டும் சொல்லலாம். அரசியல் கூட்டத்துக்கு வருகிறவர் பேச்சைக் கேட்க வருகிறார், தொலைவில் நின்றாலும் அவருக்குக் காது கேட்டால் போதும். நட்சத்திரத்தைப் பார்க்க வருகிறவருக்கு அருகில் போக வேண்டும். இரண்டுக்கும் ஒரே மாதிரி ஏற்பாடு போதாது.

மறுபக்கமும் இருக்கிறது

நடிகர்களைக் கிண்டல் செய்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வேறு யார்தான் சுலபமாக அரசியலுக்குள் வருகிறார்கள்? தலைவரின் மகன், பணக்கார ஒப்பந்தக்காரர், சாதிச் சங்கத்தின் தலைவர். இவர்களில் எவரிடமும் நாம் அனுபவச் சான்றிதழ் கேட்பதில்லை. எம்.ஜி.ஆர். கண்டிக்கு அருகே நாவலப்பிட்டியில் பிறந்து, தந்தையை இழந்து, வறுமையில் சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். பின்னணி இல்லாத ஒருவர் மாநிலத்தின் உச்சிக்குப் போகும் ஏணியாக அந்தக் காலத்தில் சினிமா இருந்தது. வானொலி மத்திய அரசின் கையில் இருந்த நாட்களில், எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க.வுக்கு மேடையும் திரையும்தான் ஒலிபெருக்கி. அண்ணாவும் கருணாநிதியும் வசனம் எழுதியது பொழுதுபோக்குக்காக மட்டுமல்ல. பட்டினி தெரிந்த நடிகர் முதலமைச்சராகி, 1982இல் சத்துணவுத் திட்டத்தை விரிவாக்கியதையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

மலேசியாவில் ஏன் ஒரு நட்சத்திரக் கட்சி முளைக்கவில்லை

முதல் காரணம் எண்ணிக்கை. இந்தியர்கள் மக்கள்தொகையில் 7 விழுக்காட்டுக்கும் கீழே. இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி 222இல் ஒன்றுகூட இல்லை. ஒரு தமிழ்க் கலைஞரின் ரசிகர்கள் அனைவரும் ஒருவர் விடாமல் வாக்களித்தாலும் மலாய், சீன வாக்காளர்களின் ஆதரவில்லாமல் ஒரு தொகுதி கிடைக்காது. அந்த ஆதரவைக் கொண்டுவருவது கூட்டணிச் சின்னம். இரண்டாவது, நாம் கோவில் கட்டாத குறையாகக் கொண்டாடும் நட்சத்திரங்கள் இந்தியக் குடிமக்கள். புகழ் இங்கே, வாக்குரிமை அங்கே. உள்ளூர்க் கலைஞர்களுக்கோ அந்த அளவு ரசிகர் பலம் இல்லை.

மலாய்ச் சமூகத்திலும் நிலைமை பெரிதாக வேறில்லை. ஊரறிந்த பாடகி ஆயிஷா 2013இல் பாஸ் கட்சி சார்பில் ஜெம்போலில் நின்று தோற்றார். தமிழரில், ஆர்.டி.எம்.மில் தமிழ்ச் செய்தி வாசித்த சாமிவேலு பின்னாளில் ம.இ.கா.வின் தலைவராகி, 1974 முதல் 2008 வரை சுங்கை சிப்புட் உறுப்பினராக இருந்தார். குரல் அவருக்கு உதவியிருக்கும். ஆனால் அவரை மேலே கொண்டுபோனது கிளைக் கூட்டங்களும் கட்சித் தேர்தல்களும்தான்.

இப்போது 'பத்து' தொகுதிக்கு வருவோம். 2018இல் தியான் சுவாவின் மனு நிராகரிக்கப்பட்டதும், சுயேச்சையாக மனுக் கொடுத்திருந்த 22 வயது மாணவர் பி.பிரபாகரனை பி.கே.ஆர். ஆதரித்தது. அதுவரை தொகுதியில் அவரை யாருக்கும் தெரியாது. சில நாள் பிரசாரத்தில் ஜெயித்து, நாட்டின் மிக இளைய நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். 2022இல் அதே தொகுதியில் பத்து வேட்பாளர்கள். பிரபாகரன் இப்போது கட்சிச் சின்னத்தில். எதிரே சுயேச்சையாக அதே தியான் சுவா. ஊடகங்களில் நன்கு அறியப்பட்ட வழக்கறிஞர் சித்தி காசிமும் சுயேச்சை. இரண்டு பேருமே பிரபாகரனைவிடப் பல மடங்கு தெரிந்த முகங்கள். ஜெயித்தது சின்னம். இதை நல்லது என்று கொண்டாடவும் முடியாது. கட்சி யாரை நிறுத்தினாலும் ஜெயிக்கும் என்ற நிலைமைக்கும் வேறு ஆபத்துகள் உண்டு. நடிகர் என்பதற்காக ஒருவர் ஜெயிக்கும் ஆபத்து மட்டும் இங்கே குறைவு.

இங்குள்ள ரசிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

1. பணம். இந்தியாவின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2010இன்படி, அரசியல் கட்சியோ வேட்பாளரோ கட்சிப் பொறுப்பாளரோ வெளிநாட்டுக் குடிமகனிடம் நன்கொடை வாங்கக் கூடாது. மலேசியக் குடிமகன் வெளிநாட்டவர். இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும் வெளிநாட்டவர்தான். பத்து ரிங்கிட் வசூல் செய்து அனுப்பினாலும் மாட்டிக்கொள்வது நாம் ஆதரிக்கும் கட்சிதான்.

2. பிரசாரம். சுற்றுலா விசாவில் போய்த் தெருவில் வாக்குக் கேட்பது விசா விதிமீறல். 2019இல் மேற்கு வங்கத்தில் ஒரு கட்சிக்காகப் பிரசாரம் செய்த வங்கதேச நடிகர் ஃபெர்தௌஸ் அகமதுவின் விசா ரத்தாகி, அவர் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

3. இங்கே நடக்கும் விழாக்கள். வெளிநாட்டுக் கலைஞர் நிகழ்ச்சிக்கு புஸ்பால் என்ற அரசுக் குழுவின் அனுமதி வேண்டும், கூட்டத்துக்குப் போலீஸ் ஒப்புதல் வேண்டும். நிபந்தனையை மீறினால் அடுத்த நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்கும் ஏற்பாட்டாளர்தான் அதிகம் பாதிக்கப்படுவார்.

4. வாக்கு. மலேசியக் குடிமக்களுக்குத் தமிழ்நாட்டில் வாக்கு கிடையாது. ஆனால் நம் உணவகங்களிலும் முடிதிருத்தும் கடைகளிலும் வேலை செய்யும் இந்தியக் குடிமக்களுக்கு உண்டு. வெளிநாட்டில் வசிக்கும் வாக்காளராக 6ஏ படிவத்தில் பதிந்துகொண்டால், கடவுச்சீட்டில் உள்ள முகவரித் தொகுதியில் பெயர் சேரும். அஞ்சல் வாக்கும் தூதரகத்தில் வாக்குப்பெட்டியும் இவர்களுக்குக் கிடையாது. வாக்குப்பதிவு நாளன்று கடவுச்சீட்டோடு சொந்த ஊர்ச் சாவடியில் நேரில் நிற்க வேண்டும். முதலாளியிடம் விடுப்புக் கேட்பதும் டிக்கெட் எடுப்பதும் அவரவர் பாடு. கட்சிக்காரர் யாராவது டிக்கெட் வாங்கித் தருகிறேன் என்றால், அது வாக்காளருக்குக் கொடுக்கும் லஞ்சமாகிவிடக் கூடும் என்பதையும் சேர்த்துத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.